அறுபத்தொன்றாவது பிள்ளை

எண்ணூர்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள ரிஃபானாவுக்கு,

மஸ்கட் வெயிலிலும் நீ வாடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பவானி எழுதுவது. உன் மகள் ஆஃபியா நலமாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி. போனில் பேசினால் உன்னைச் சிரிக்க வைத்து நழுவிவிடுவேன். அதனால்தான் நாளை விமானம் ஏறும் உன் தம்பி கலீலுல்லாவின் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இதைத் திணிக்கிறேன். கறை பட்டிருந்தால் நல்லெண்ணெய்தான், கண்ணீர் என்று நினைத்துவிடாதே.

பள்ளிக்கூடத்து வம்பு முதலில். ஒன்றாம் தேதி அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியை சுகிர்தம் டீச்சர் தலைக்குச் சாயம் பூசினார். காதும் சேர்ந்து கறுத்துவிட்டது. பிள்ளைகள் கரும்பலகையை விட்டுவிட்டு அந்தக் காதையே பார்க்கின்றன.

அதிகாரி எதற்கு வருகிறார் என்று உனக்குத் தெரியும். நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்; ஆனால் தலையை எண்ணித்தான் கொடுக்கும். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று இருந்தால் மூன்றாவது. அந்த மூன்றாவது நான். ஆறு வருஷமாக, நியமன ஒப்புதல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று, கல்யாணம் நிச்சயமாகாத பெண்போல தினமும் பவுடர் பூசிக்கொண்டு காத்திருக்கிறேன். இந்த வருஷம் எங்களிடம் சரியாக அறுபத்தொரு பிள்ளைகள். இங்கே தொழிற்சாலை வாயு வாடை அதிகமாகிவிட்டதாமே, ஆஃபியாவை அக்கா வீட்டிலிருந்து கூட்டிப்போய் வேலூரில் மாமியார் வீட்டில் விடட்டுமா என்று போன மாதம் நீ கேட்டாய். ஒண்ணாந்தேதி கழியட்டும்டி என்றேன். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

என் மூக்கை நீ செய்யாத கேலியா? இப்போது பள்ளிக்கு அதுதான் அபாயச் சங்கு. தொழிற்சாலைப் பக்கமிருந்து வாடை கிளம்பினால் முதலில் எனக்குத்தான் தெரியும். விசில் ஊதுவேன். பிள்ளைகள் ஈரக் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, வாடை வராத பக்கமாக, மீன் ஏலக்கூடத்துக்கு வரிசையில் நடப்பார்கள். இரண்டு வருஷத்தில் ஒன்பது முறை. ஒரு முறைகூட என் மூக்கு பொய் சொன்னதில்லை.

நேற்று ஒன்பதரைக்கு வாடை வந்தது. அதிகாரி வர இன்னும் முக்கால் மணி நேரம். சுகிர்தம் டீச்சர் கறுத்த காதோடு ஓடிவந்து, பவானி, ஏதாவது தெரியுதா, ஊதறியா என்று கேட்டார். விசில் கழுத்தில்தான் தொங்கியது. வெளியே விட்டால் பாதிப் பிள்ளைகள் அப்படியே வீட்டுக்கு ஓடிவிடும். அப்புறம் எதை எண்ணுவது? எனக்கு ஜலதோஷம் டீச்சர், ஒண்ணும் தெரியல என்றேன்.

ரிஃபானா, எனக்கு ஜலதோஷம் இல்லை.

சன்னல்களைச் சாத்தினேன். இருமல் வெளியே கேட்காமலிருக்க வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வைத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் ஆஃபியாவின் குரல் நின்றுபோனது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், விரலால் எண்ணினார், அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். நாலு பிள்ளைகள் வாந்தி எடுத்தன. ஆஃபியா என் புடவையைப் பிடித்தபடியே சரிந்தாள். ஏலக்கூடத்துச் சொக்கம்மாள்தான் மீன் ஏற்றும் ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி இந்த வாடை பட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ பயப்படுவாய், சொல்லாதே என்று உன் அக்கா ரஹீமுன்னிசா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

தெருவில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? இந்த டீச்சரு மட்டும் இல்லாங்காட்டி அத்தினி புள்ளைங்களும் இன்னா ஆயிருக்கும், தெய்வமா நின்னுகினு காப்பாத்திச்சு என்று சொக்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். உன் அக்கா பிரியாணி கொடுத்தனுப்பினாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை வாசலில் நின்று மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாடைதான் இல்லையா, என் மூக்குதான் போய்விட்டதா, அதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. நான் விசிலைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று நடந்ததைக் கேள்விப்பட்டு, பிள்ளைகள் நின்றுவிட்டார்களா என்று பன்னிரண்டாம் தேதி மறுபடி எண்ண வருகிறார்கள். அன்னைக்கு ஒருநாள் மட்டும் ஆஃபியாவைக் கொண்டாந்து உட்கார வைங்க என்று சுகிர்தம் டீச்சர் உன் அக்காவிடம் கேட்டிருக்கிறார். பவானி டீச்சர்தான் கீறாங்களே, இன்னா பயம் என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

நீ இன்றே அக்காவுக்குப் போன் செய். ஆஃபியாவை வேலூருக்கு அனுப்பச் சொல். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், மூக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீயே தடுக்கலாமே என்று கேட்பாய். தடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நேற்று காலை ஒன்பதரை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நின்றுபோன ஏழாம் வாய்ப்பாட்டை உன் மகள் நல்ல காற்றில் சொல்லி முடிக்கட்டும்.

உன்,
பவானி