பாதாம் சருகும் பக்கத்து வீட்டு டீச்சரும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டி, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் சௌக்கியத்துக்கும் ஒரு படி மேலேயே இருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரிக்கிறேன் என்று உன் அப்பா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நடந்ததைக் கேட்டால் நீயும் சிரிப்பாய்.

இந்த வெயிலுக்கு நம் தோட்டம் வதங்கிப்போன கதையை உனக்கு நான் சொல்லவில்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், காலையில் ஊற்றினால் மத்தியானம் மண் பாளம் பாளமாக வெடித்து நிற்கிறது, அவரைக் கொடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. உன் அப்பா, எதுக்கு இந்தப் பாடு, சிமென்ட் போட்டுட்டா ஸ்கூட்டரையாவது உள்ள நிறுத்தலாம் என்று ஆரம்பித்து, மாத முடிவுக்குள் செடி தேறாவிட்டால் கொத்தனாரை வரச்சொல்லிவிடுவேன் என்றே சொல்லிவிட்டார். நீ போன பிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்தச் செடிகளோடுதான். உன் அப்பா பேசமாட்டார் என்றில்லை, பேப்பரை இறக்கினால் பேசுவார்.

நர்சரிக்காரர்தான் வழி சொன்னார், மண்ணை வெறுமனே விடாதீங்க, காஞ்சது எதையாவது கனமா பரப்பி மூடாக்கு போடுங்க, ஈரம் நிக்கும், பாதித் தண்ணி போதும் என்று. சொன்ன கையோடு மரப்பட்டைத் துண்டு அடைத்த ஒரு மூட்டையையும் காட்டினார். விலையைக் கேட்டதும் மூட்டையைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மரம் அறுக்கும் மில்லுக்குப் போனேன், தூளெல்லாம் கோழிப்பண்ணைக்குப் போய்விடுகிறதாம். கரும்பு ஜூஸ் கடையில் சக்கையைச் சும்மாவே கொடுத்தார்கள், ஆசையாகச் சாக்கில் அள்ளிவந்து பரப்பினேன். மறுநாள் ஊரிலுள்ள எறும்பெல்லாம் நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, தோட்டத்தில் இடம் போதாமல் உன் அப்பாவின் செருப்புக்குள்ளும் தங்கிவிட்டன. சக்கையை அள்ளி எறிந்துவிட்டு, அவருடைய பேப்பரை எடுத்துத் தக்காளிக்கு அடியில் விரித்தேன். அது அன்றைய பேப்பர் என்று எனக்கெப்படித் தெரியும். மனிதர் தக்காளிச் செடி முன்னால் குந்தி உட்கார்ந்து, இலையை விலக்கி விலக்கி விளையாட்டுப் பக்கம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுந்தார். சாயந்திரம் அடித்த காற்றில் அதுவும் பறந்துபோய்த் துணிக்கொடியில் தொங்கியது.

இப்போது பக்கத்து வீட்டு டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டுப் பாதாம் மரம் தட்டுத் தட்டாக நம் பக்கம் சருகு கொட்டுவதும், நான் தினமும் பெருக்கி, கூடையோடு மதிலுக்கு அந்தப் பக்கமே கவிழ்ப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் மரத்தை வெட்டுங்க என்ற ஒன்றைத்தான். என் நச்சரிப்புத் தாங்காமல் இரண்டு வாரத்துக்கு முன்னால் மரம் வெட்டுகிறவரை வரவழைத்துவிட்டார். அடியோடு எடுக்கிறாரா, ஏமாற்றிவிட்டுப் போகிறாரா என்று மேற்பார்வை பார்க்க நானே அவர் வீட்டுக்குள் போனேன். போனால், கத்தரியும் வெண்டையும் மிளகாயும் இடுப்புயரம் நிற்கின்றன. அதே வெயில், அதே குழாய். குனிந்து பார்த்தேன், செடிக்கு அடியில் மண்ணே தெரியவில்லை, கணுக்கால் உயரத்துக்குப் பாதாம் சருகு. உள்ளே கையை விட்டால் ஜில்லென்று ஈரம். எப்படி டீச்சர் இவ்வளவு சருகு சேர்த்தீங்க என்று கேட்டேன். நான் எங்க சேர்த்தேன், நீங்கதானே தினமும் கொண்டாந்து கொட்டுறீங்க, நேரா பாத்தியிலயே விழுந்துடுது, எனக்குக் குனியிற வேலைகூட இல்ல என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஊரெல்லாம் சாக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், வீட்டிலேயே விழுந்ததைக் கூடை கூடையாகத் தானம் பண்ணியிருக்கிறேன் பாப்பா. அதற்குள் மரத்தின் மேலே கயிறு கட்டியாகிவிட்டது. இறங்குப்பா இறங்குப்பா என்று நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அடியோட எடுன்னதும் நீங்க, இறங்குன்னதும் நீங்களா, முடிவா ஒண்ணு சொல்லுங்கம்மா என்று மரம் வெட்டுகிறவர் கிளையில் உட்கார்ந்தபடி கேட்கிறார். டீச்சர் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், அது எனக்கும் தொற்றிக்கொண்டது, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்புறம் மூன்று பேருக்குமாகக் காபி போட்டார். அவர் ஒற்றை ஆளாகச் சமைத்து ஒற்றை ஆளாகத்தான் சாப்பிடுகிறாராம். ஒரு மதில் தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு கூடைச் சருகு பறந்து வந்து உன் அப்பாவின் தலையில் விழுந்தது. இனிமே ஒருநாள் எனக்கு, ஒருநாள் உங்களுக்கு என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. அவரைக் கொடி நிமிர்ந்து பூ விட்டிருக்கிறது. கொத்தனார் பேச்சையே உன் அப்பா எடுப்பதில்லை. நேற்று யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சருகை விலக்கி, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப மூடியும் வைத்தார்.

உன் ஜன்னலோரத் தொட்டிக்கும் காய்ந்த இலையே போதும், காசைக் கொட்டாதே. தண்டோடு ஒட்டாமல் ஒரு விரல் தள்ளிப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் அழுகிவிடும் என்று டீச்சர் சொல்லச் சொன்னார். வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே. நோய்நொடி அண்டாமல், நாலு பேர் நடுவில் சிரித்த முகமாக நீ இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

முக்கியமான ஒன்று. இனிமேல் காலையில் போன் செய்தால் நான் எடுக்காமல் போகலாம். மணி அடிப்பதற்காகவே பக்கத்தில் காத்துக் கிடப்பவள் ஏன் எடுக்கவில்லை என்று பதறாதே. அந்த நேரம் மதிலோரம் பேசிக்கொண்டிருப்பேன். மத்தியானமாகக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா