பொட்டு வைத்த போர்டு

வினீத் மக்களே,

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மெஷினிடம் இருக்கிற பொறுமை பெத்தவளிடம் கிடையாது. வேலை முடிந்து வந்ததும் இதை வாசி.

அம்மா கோபித்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் அவள் தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டிவரப் போகிறேன். சரஸ்வதி பூஜைக்கு, திறந்து கிடந்த உன் பழைய கம்ப்யூட்டரின் உள்போர்டில் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்தது, "பிள்ளைக்க ஆயுதம் அதுதானே" என்றுதான். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. அதற்கு, "ஷார்ட்டாக்கிக் கொன்னு களைஞ்சியே அம்மா" என்று கத்தினாயே, அது வேண்டாத பேச்சு. உன் வயசு இருக்கும் அந்தப் போர்டுக்கு. தானாகவே செத்திருக்கும்.

இருந்தாலும் நீ வாங்கி வைத்த ஸ்பிரிட்டைத் தொட்டு, பழைய பல் பிரஷால் சந்தனத்தை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டேன். உன் மேஜையில் காய்கிறது. நான் சுவிட்ச் போடவில்லை, நீயும் போடாதே. அம்மா வந்து அவள் கையால் போடட்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலில் நீதான் அவளிடம் பேச வேண்டும்.

தீயல் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு. அம்மாவுக்குக் கொஞ்சம் மிச்சம் வை. தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிவிடாதே.

அப்பா

சொல்ல மறந்தேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர் பெட்டியின் வெளித்தகரத்தில் சின்னதாக ஒரு பொட்டு நான் வைத்திருக்கிறேன். உள்ளே படாது. துடைத்துவிடாதே, அம்மா வந்ததும் தேடுவாள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, இறங்குகிறேன். சந்தனம் பட்டு ஒரு சாமான் கெட்டுப்போகும் என்று இப்போதும் நான் நம்பவில்லை.