உன் புடவை இல்லாத பட்டியல்

தாட்சாயணி,

சித்தூருக்குப் போகிறேன், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பூட்டுச்சாவி கமலம்மா வீட்டில் இருக்கிறது. பால்காரர் வந்தால் நாளை முதல் அரைப்படி போதும் என்று சொல்.

"உப்பு வாங்கக்கூட சீட்டா?" என்று நேற்று உன்னைக் கேலி செய்தேன். "எழுதி எழுதி அடிச்சாத்தான் மாமா எனக்கு மனசு ஆறுது. நீ உன் வேலையப் பாத்துக்கினு போ" என்றாய்.

இன்று காலை அலமாரியில், திருத்தணிக்கு எடுத்துப்போக நீ எழுதிய பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் நேராகச் சின்னக் கட்டம். ரசித்துக்கொண்டேதான் படித்தேன். என் வேட்டி, என் செருப்பு, என் தைலம் என்று இருபத்தெட்டு. உன் புடவை ஒன்றுகூட இல்லை. நான் மட்டும் போவதாக எழுதியிருக்கிறாய். நீ வாய்விட்டுச் சொல்லாததை அந்தத் தாள் சொல்லிவிட்டது.

திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸோடு சேர்கிறது என்றதும், அங்கே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். உன் பள்ளிக்கூட வேலை ஆந்திராவிலேயே நிற்கும் இந்தப் புத்தூரில் என்பதை நினைக்கவில்லை; உன்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கத்தான் போகிறேன்.

பி.கு: திரும்பத் தரமாட்டோம் என்று ஆபீசில் சொன்னால், குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வருகிறேன். ராத்திரிக்கு இரண்டு பேருக்கும் உலை வை.

அப்பாவு