பிர்ரியா

அஸ்தினாபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா ஜீவானந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். மெக்சிகோவில் நீயும் மாப்பிள்ளை ரமோனும் நலமா? போனில் பேசினால் அடுப்படிவரை கேட்கிறது. வாட்ஸப்பில் எழுதினால் உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். உன்னோடு பேசமாட்டாளாம், பார்க்க மட்டும் பார்ப்பாளாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை வீட்டுக் கறிக்குழம்பு, அந்த பிர்ரியாவின் செய்முறையை அனுப்பியிருந்தாயே, ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் தொடைக்கறியை வெட்டாமல் முழுசாகக் கேட்டதும், வீட்டில் விசேஷமா என்றார் கறிக்கடை பாய். ஆமாம் என்றேன். உங்கள் ஊர் மிளகாய்க்கு நான் எங்கே போவது? நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய், காரத்துக்கு நம் குண்டு மிளகாய். ஊறவைத்துப் பூண்டு, பட்டை, கிராம்பு, வினிகரோடு அரைத்தேன். மிக்ஸி மூடி கழன்று சுவரெல்லாம் சிவப்பு. அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

கறி அடுப்பில் ஏறியதும், அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று ஹாலிலிருந்து உன் அம்மா கேட்டாள். பிர்ரியா என்றேன். டிவி சத்தம் நின்றது. எங்களைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அவள் காதில் அது பிரியா என்று விழுந்திருக்கிறது. அடுப்படி வாசலில் வந்து நின்று, "பிரியாவுக்கு இன்னா ஆச்சு?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. குழம்பின் பெயர் அது என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பெண்ணை எடுத்தது போதாதென்று பெயரையும் குழம்புக்கு வைத்துவிட்டார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

கறி வெந்து எலும்பை விட்டு வந்தது. இப்படிக் குழையவிட்டால் நம் வீட்டில் சமைத்தவருக்கு மரியாதை கிடையாது. நீ எழுதியபடி முள்கரண்டியால் பிய்த்தேன், பாதி தரையில் விழுந்தது. கோவளத்து மீன்காரர் வீட்டில் பிறந்த உன் அம்மா எவ்வளவு நேரம் பொறுப்பாள்? "சுறாப்புட்டுக்கு உதுக்கிற மாதிரிதானே, தள்ளுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு எலும்புத் துணுக்கு இல்லாமல் நூல் நூலாக உதிர்த்தாள். உதிர்த்துக்கொண்டே, அவர் வீட்டிலும் கையால்தான் செய்வார்களா என்று கேட்டாள். மாப்பிள்ளையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி, ஜெயப்ரியா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லி வைத்தேன்.

அதோடு சாப்பிட நீ எழுதியிருந்த சோள ரொட்டி எனக்கு வரவில்லை, எடுக்க எடுக்க உடைந்தது. தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். காரம் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை காபியை வைத்துவிட்டு, "பிரியா மறுபடி எப்போ?" என்றாள். குழம்பைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. தை பிறந்ததும் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே, கண்ணு.

அன்புடன்,
அப்பா.