புல்லுக்கு லீவு

கல்லாறு

அன்பான செண்பகத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பண்ணையில் ஒரு கூத்து. மேய்ச்சல் நிலத்து மண்ணில் கரி ஏற வேண்டும் என்றார் ஸ்வப்னா மேடம். நான் டீக்கடையில் ஒரு சாக்கு அடுப்புக்கரி வாங்கிவந்து கொட்டிவிட்டேன்! மேடம் சொன்னது மண்ணுக்குச் சத்தாகும் கார்பனையாம்; விழுந்து விழுந்து சிரித்தார்.

"கணேஷே, புல்லுக்கு லீவு கொடுத்தா மதி. வேரு தன்னெ கரி சேத்தோளும்."

மேடத்தின் மலையாளத்தில் 'மதி' என்றால் போதும்; வேரே தானாகக் கரியைச் சேர்த்துக்கொள்ளுமாம். அதனால் மாடுகள் ஓரிடத்தில் ஒருநாள்தான் மேயும். பிறகு நாற்பது நாள் அங்கே விடமாட்டோம்.

நீயும் நம் பசுவின் முளைக்குச்சியைத் தினமும் இடம் மாற்றி அடி. எனக்கும் நாற்பது நாள் கழித்துத்தான் லீவு.

பால் வண்டி ஹாரன் அடிக்கிறது, கடிதத்தை அதில் கொடுத்தனுப்ப வேண்டும். நாளைக்கு முதலில் கட்டுகிற இடத்தை மட்டும் மறுபடி தொடாதே. நாற்பத்தோராம் நாள் அங்கே முளை அடிக்க நானே வந்து நிற்பேன்.

உன்,
செல்வகணேஷ்