இரண்டு மோட்டார், இரண்டு மனு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் முதல் வகுப்பே வணிகக் கோட்பாடுகளின் வரலாறாம், பழங்கதை எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். இருபத்தாறு வருடம் கல்லூரியில் இதையேதான் கத்தினேன், துறைத்தலைவர் நாற்காலியை என் ஜூனியருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அதை விடு, நான் விடமாட்டேன். உன் கேள்விக்கு விடை போன செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது.

மின்சாரம் ஏறி இறங்கியதில் நம் மோட்டாரும் பக்கத்து வீட்டு உன் சித்தப்பாவின் மோட்டாரும் ஒரே நாளில் படுத்துவிட்டன. மின்சார அலுவலகத்துக்கு வீட்டுக்கு ஒரு புகார் மனுவும் கொடுக்க வேண்டும். நாற்காலி போன அன்று எல்லார் முன்னாலும் சிரித்தவன் உன் சித்தப்பா, ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. விற்கலாம் வாங்கக்கூடாது, தங்கம் வெளியே போகக்கூடாது என்கிறதே ஆதிக் கோட்பாடு, அதில்தான் குடியிருந்தேன். இரண்டாவது கோட்பாட்டைச் சொன்னவர், எவன் நன்றாகச் செய்கிறானோ அவனிடம் வாங்கு என்றார். மோட்டார் எனக்கு இரண்டு மணி நேரம், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவனுக்கு மூன்று. மனு எனக்கு அரைமணி, அவனுக்கு இரண்டு நாள். இரண்டிலும் நான் மேல், அவன் வாசலில் எனக்கென்ன வேலை? காலி வாளியோடு வந்த உன் அம்மா, மேலயே உட்கார்ந்திருங்க, தண்ணி தானா ஏறி வரும் என்றாள். அப்போதுதான் மூன்றாவது கோட்பாடு உறைத்தது. இரண்டிலும் தாழ்ந்தவனோடு மாற்றிக்கொண்டாலும் இருவருக்கும் லாபம். நான் இரண்டு மனு எழுதினால் என் இரண்டரை மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், அவன் இரண்டு மோட்டாரையும் பார்த்தால் அவனுக்கு இரண்டு நாள் தலைவலி மிச்சம். கரும்பலகையில் ஆயிரம் முறை போட்ட கணக்கு, சொந்த வீட்டில் போடத் தோன்றவில்லை. மனுக்களோடு போய் நின்றேன். ஏன்ணா இவ்வளவு லேட்டு என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான். தொட்டியில் தண்ணீர் விழுந்த பிறகு மனுவைப் படித்து, உன்னுது ரெண்டு வரி நீளமா இருக்கே, எனக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று சண்டைக்கு வந்தான். ஒன்பது வருடத்தில் முதல் சண்டை, ஒரு மணி நேரம் போட்டோம், அவ்வளவு நன்றாக இருந்தது.

மாணவர்களிடம் இதைச் சொல், நாம் எந்தக் கோட்பாட்டில் குடியிருக்கிறோம் என்று தெரியத்தான் வரலாறு. விடுமுறைக்கு வரும்போது இரண்டு வீட்டிலும் தனித்தனியே சாப்பிட்டுத் திணற வேண்டாம், எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். வகுப்பில் நிதானமாகப் பேசு. தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் அப்பா

பி.கு. மோட்டாருக்கு அவன் எடுத்தது நாற்பது நிமிடம்தான், மூன்று மணி என்பது என் கோபத்தின் கணக்கு. அப்படியானால் இரண்டாவது கோட்பாடே போதுமே என்பாய். போதும்தான், ஆனால் அவன் வாசலுக்கு என்னைக் கூட்டிப்போனது மூன்றாவது. சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே.