சம்பந்தி தொடாத அமெரிக்கன் மா

சம்பந்தி,

இன்று காலை என் மானம் போன கதையைக் கேளுங்கோ. கொழும்பு றெயிலில் வந்த பேப்பரில், அமெரிக்கனும் ரஷ்யனும் திரும்பவும் முறுகிக்கொண்டு நிற்கிறார்கள் என்று வாசித்தேன். "பாத்தீங்களோ உங்கட ரஷ்யன்ரை வேலையை!" என்று எதிர்க் கதிரைக்குச் சத்தமாகச் சொல்லியும்விட்டேன். கதிரையில் பூனை. அதுவும் எழும்பிப் போய்விட்டது. அடுப்படியில் நின்ற மகள் சிரிக்கவில்லை.

உங்களைச் சேமக்காலையில் புதைத்துவிட்டு வந்த நாள் தொட்டு எனக்கு அழுகையும் இல்லை, பசியும் இல்லை. மரத்துப்போய்த் திரிகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அமெரிக்காவுக்கு வக்கீல். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத நீங்கள் ரஷ்யாவுக்கு. மகாயுத்தத்தில் ஒரே பக்கம் நின்றவர்கள் அது முடிந்ததும் பகைத்துக்கொண்டார்கள். அந்தப் பகையை நாங்கள் மன்னார்க் கரையில், வலை காய்கிற இடத்தில் நடத்தினோம். அதற்கு முதலே, ஜப்பானில் அமெரிக்கனின் அணுகுண்டு விழுந்ததை நான் வாசித்த அன்று நீங்கள் எழும்பிவிட்டீர்கள். "ஊரோடை மனுசரை எரிச்சவன்ரை மா இனி என்ரை வாய்க்குள்ளை போகாது."

கோதுமை மா எந்தத் தேசத்துக் கப்பலில் வந்ததோ, ஆருக்குத் தெரியும்! எங்கள் வாயில் அது அமெரிக்கன் மா. மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடன் மாதிரி நீங்கள் அதைத் தொடாமலே இருந்தீர்கள்.

பிறகு உங்கள் மகனுக்கு என் மகளைப் பேசி, எங்கள் வீட்டில் கைநனைக்க வந்தீர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. கூப்பன் அரிசியோ முடிந்துவிட்டது. உயிலங்குளம் வரை நெல்லுக்கு அலைந்தும் வெறுங்கைதான். மகள் ரொட்டி சுட்டு வைத்தாள்.

கூட வந்த உங்கள் மச்சான் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். "அத்தான், இது அமெரிக்கன் மா. எழும்புங்கோ, போவம்."

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். மகள் தலை நிமிரவில்லை. நான் சம்பல் கிண்ணத்தை உங்கள் பக்கம் தள்ளினேன். கடற்கரையில் பேசிய உலக அரசியலெல்லாம் எங்கே போனதோ!

நீங்கள் ரொட்டியைப் பிய்த்தீர்கள். "இரடா. அமெரிக்கனோடை எனக்குள்ள கோவம் வேறை. இது பிள்ளை சுட்டது."

மென்றுகொண்டே இருந்தீர்கள். விழுங்க நேரம் எடுத்தது. கண் கலங்கியதும், "சம்பல் நல்ல உறைப்பு" என்றீர்கள்.

"இன்னொண்டு போடட்டோ?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது. அடுத்த நாளே பழையபடி அமெரிக்கா பக்கம் நின்று கத்தினேன். நீங்களும் விடவில்லை. அந்த ரொட்டியைப் பற்றி இருவருமே பிறகு பேசவில்லை.

இப்போது உங்கள் பேரன் என் மடியில் கிடக்கிறான். அன்று நீங்கள் விழுங்கியபோது என் தொண்டைவரை வந்து நின்ற வார்த்தை இன்னும் அங்கேதான் நிற்கிறது: அந்தக் குண்டைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி, சம்பந்தி.